வால்வார்

பூசணிக்காய்க்குத் தோள் உண்டா?
உனக்கும் இல்லை, லெஃபிஃபி.
கழுத்து முடிந்த கையோடு முதுகு தொடங்கிவிடுகிறது.
நடுவில் சேணம் முட்டி நிற்க
ஒரு மேடு வேண்டாமா?

மழைக்குப் பின் புல் முளைத்ததிலிருந்து
உன் வயிறு பீப்பாய்.
இந்தச் சேணமோ
மசேருவில் பந்தயக் குதிரை வைத்திருந்தவன் விற்றது.
எலும்பு துருத்திய யாரோ ஒரு சீமாட்டியின்
முதுகுக்கு வளைத்த மரம்.
உன்மேல் அது
பூசணிமேல் கவிழ்த்த தட்டு.

மலைமேல் இருமுகிறவர்களின் சளியைக்
குப்பிகளில் வாங்கி
கீழே மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என் வேலை.
சம்பளம் உண்டு.
வார் வாங்கக் காசு
எந்தப் படிவத்திலும் இல்லை.

செங்கு ஆற்றுக்கு மேலே அந்தச் சரிவில்
உன் இரு காதுகளுக்கு நடுவே பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.
அடுத்த கணம் காதுகளைக் காணோம்,
பள்ளத்தாக்கு மட்டும் இருந்தது.
சேணம் உன் பிடரியில், நான் கல்லில்.
இரண்டு குப்பிகள் உடைந்தன.
ஒன்று மே ம்போலோகெங்குடையது.
விடியலில் அரைமணி நேரம் இருமி
அவள் எடுத்துத் தந்தது.
திரும்பப் போய்
இன்னொரு முறை இருமுங்கள் என்று சொல்ல
எனக்கு எந்த வாய் இருந்தது?

முதலில் வயிற்றுவாரை இறுக்கினேன்.
ஒரு துளை. பிறகு இன்னொன்று.
நீ மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு
ஒன்றும் தெரியாதவள்போல் மலையைப் பார்த்தாய்.
ஏறி உட்கார்ந்ததும் மூச்சை விட்டாய்,
வார் தொளதொளவென்று சிரித்தது.
மூன்றாம் துளைக்குப் போனபோது
உன் முழங்கைக்குப் பின்னால் முடி கொட்டி
நாணய அளவில் சிவப்பு.
அன்றைக்கு உன்னோடு பேசவில்லை.
நீயும்தான்.

மார்வார் போடு என்றான் கடைக்கார ஹ்லோம்போ.
மூன்று ஆட்டின் கம்பளிக் காசு.
ஏற்றத்தில் நன்றாகத்தான் இருந்தது,
சேணம் பின்னால் போகவில்லை.
ஆனால் ஏறியவள் இறங்கவும் வேண்டுமே.
இறக்கத்தில் அது
கல்யாண வீட்டுக்குப் போட்ட சங்கிலிபோல்
சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் வாலுக்கு வந்தேன்.

மாட்டுத்தோலில் வார்.
வாலடிக்கு வளையம் மட்டும் மெத்தென்று இருக்க
என் பழைய போர்வையின் ஓரத்தைக் கிழித்து உருட்டி,
தையல் வெளிப்பக்கம் வர மூடி,
ஆட்டுக்கொழுப்பு தடவினேன்.
முதல் நாள் வாளியை உதைத்தாய்.
இரண்டாம் நாள் என்னை.
மூன்றாம் நாள் மக்காச்சோளம் மென்றபடி
வாலைத் தூக்கினாய்,
வரி கட்டுகிற முகத்தோடு.

இப்போது வரிசை இப்படி.
வளையத்தில் சிக்கிய முடி ஒவ்வொன்றையும்
வெளியே இழுத்துவிடுவேன், ஒன்று மாட்டினாலும் நீ மன்னிக்கமாட்டாய்.
பிட்டத்துக்கும் வாருக்கும் நடுவே
என் கை நிமிர்ந்து நுழைய இடம்.
வயிற்றுவாரில் இரண்டு விரல்.
முன்னங்காலைத் தூக்கி முன்னே நீட்டி
மடிந்த தோலைச் சுருக்கம் எடுப்பேன்.
இருபது அடி நடத்துவேன்.
எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பாய்?
பிறகு ஒரே ஒரு துளை.

வியாழக்கிழமை அதே சரிவு.
பாதியில் ஆலங்கட்டி.
கற்கள் சோப்புபோல் வழுக்க
நீ பின்னங்கால்களை மடித்து
ஏறக்குறைய உட்கார்ந்தபடி இறங்கினாய்.
அங்கவடியில் என் முழங்கால்கள் நடுங்கின.
சேணம் ஒரு விரல்கூட நகரவில்லை.
என் எடையும்
பதினேழு பேரின் சளியும்
உன் வாலில் தொங்கின.

ஆய்வுக்கூடத்து கொதாட்சோ
பதினேழையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
கையெழுத்துப் போட்டான்.
நான் முற்றத்தில் உன் வாலைத் தூக்கி
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
"அங்கே என்னம்மா தேடுகிறாய்?"
"பதினெட்டாவது முடிவு" என்றேன்.

சிவப்பு இல்லை.
கொஞ்சம் கொழுப்பு வாசனை.
வாலை என் முகத்தில் அடித்தாய்.